சாஞ்சு நிக்கிற யானை

2004-ல திருச்சில ஒரு டிடிபி சென்டர்ல வேலை பாத்துட்டு இருந்தேன். சென்டர்னதும் பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க, மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஜெராக்ஸ் ஓடுறப்ப ஃபேனை நிறுத்தணும் இல்லேன்னா ட்ரிப் ஆயிடும், அவ்ளோதான். பயோடேட்டா, காலேஜ் ப்ராஜெக்ட், காதுகுத்துப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், இதான் தினப்படி வேலை. ஒரு நாள் லேடீஸ் டெய்லர் ஒருத்தர் வந்தாரு, புதுசா கடை போடப் போறாரு, போர்டுக்கு பேர் எழுதி பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும், அதைப் பாத்து ஆர்ட்டிஸ்ட் தகரத்துல எழுதிக்குவாராம்.

"தம்பி, நல்லா தடியா இருக்கணும். ஆனா லேடீஸ் கடை பாத்துக்க, முரட்டுத்தனமா இருக்கக் கூடாது. கொஞ்சம் சாச்சு, ஸ்டைலா போடு."

தடியா இருக்கணும், முரட்டுத்தனமா இருக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை அப்ப நான் மதிக்கவே இல்ல, என்னய்யா இந்தாளு ரெண்டும் வேணும்கிறாருன்னுதான் மனசுக்குள்ள திட்டுனேன். டைம்ஸ் நியூ ரோமன்ல போல்ட், இட்டாலிக் ரெண்டு பட்டனையும் அமுக்கிக் காமிச்சேன், "இது கவர்மெண்ட் லெட்டர் மாதிரி இருக்கு"ன்னாரு. ஏரியல் பிளாக் போட்டு சாச்சேன், "லாரி சர்வீஸ்"னாரு. மனுஷனுக்கு கண்ணு இருந்துச்சு, ஒத்துக்கணும். அப்புறம் ஃபாண்ட் லிஸ்ட்ட மேலருந்து கீழ இழுத்துக்கிட்டே வந்தப்பதான் ஈ வரிசைல எலிஃபண்ட்னு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. எம்எஸ் ஆபீஸ் கூடவே வந்து உக்காந்திருந்த ஃபாண்ட், அது வரைக்கும் நான் தொட்டதே கிடையாது. பேரைப் பாத்து சிரிச்சுட்டு போட்டேன், தடியாத்தான் இருந்துச்சு, இட்டாலிக் பட்டனை அமுக்குனேன்.

அங்கதான் விஷயம். மத்த ஃபாண்ட் பலதுல இட்டாலிக் அமுக்குனா அதே எழுத்து காத்துல தென்னை சாயற மாதிரி சாயும், அவ்ளோதான். இதுல எழுத்தே மாறிடுச்சு. கடைப் பேர்ல இருந்த 'ஃபேன்ஸி'ங்கிற இங்கிலீஷ் வார்த்தைல சின்ன 'ஏ' நேரா இருக்கறப்ப மேல ஒரு வளைவு, கீழ ஒரு தொப்பைன்னு ரெண்டு மாடி கட்டிடமா இருந்துச்சு, சாஞ்ச உடனே மேல் மாடி காணாம போய் ஒரே ஒரு வட்டம், பக்கத்துல ஒரு தடிக் கோடு, கையால எழுதற 'ஏ' மாதிரி. 'என்' எழுத்து ஒரு மயிரிழைல ஆரம்பிச்சு மேல ஏறி, திரும்பி, சட்டுனு பட்டை கட்டி இறங்கி, கடைசில திரும்பவும் மயிரிழையா மேல சுழிச்சு முடிஞ்சுச்சு. 'சி'யோட நுனில ஒரு உருண்டை, மூக்குத்தி மாதிரி. டெய்லர் குனிஞ்சு ஸ்கிரீனைப் பாத்தாரு, "இதான்"னாரு.

நான் உடனே என்ன பண்ணேன்? ஆர்வக்கோளாறுல போல்ட் பட்டனையும் அமுக்கிட்டேன். தடின்னு கேட்டாரே, இன்னும் தடியாக்கிக் குடுப்போம்னு. அந்த ஃபாண்ட்ல மொத்தமே ரெண்டு ஃபைல்தான், ஒண்ணு நேரா நிக்கறது, ஒண்ணு சாஞ்சது, போல்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது, ஏன்னா அதுவே போல்டுக்கு அப்பன். இல்லாத போல்டை கம்ப்யூட்டர் சொந்தமா செய்யும், எப்படின்னா எழுத்தோட ஓரத்துல கொஞ்சம் மையைப் பூசும். தடிக் கோடு இன்னும் கொஞ்சம் தடிக்கும், அது தெரியவே தெரியாது. மயிரிழைக் கோடு ரெண்டு மூணு மடங்காயிடும், அது பளிச்சுனு தெரியும். எழுத்தோட உள்வெளி அடைச்சுக்கும். ஒரு நொடில அந்த 'ஃபேன்ஸி' வீங்கிப் போன முகம் மாதிரி ஆயிடுச்சு. டெய்லர் எதுவும் பேசல, கையால "முன்னாடி இருந்ததுக்கே போ"ன்னு சைகை காட்டுனாரு.

இருபது வருஷம் கழிச்சு இப்ப யோசிச்சா அந்த எழுத்தைப் பத்தி முக்கியமான விஷயம் அந்த அஞ்சு நிமிஷத்துலயே என் கண்ணு முன்னாடி நடந்துடுச்சுன்னு தோணுது. தடியான எழுத்தை சாச்சா வர்றதில்ல இது. இதுல தடிக் கோடு மட்டும்தான் தடிக்கும், மெல்லிசுக் கோடு மெல்லிசாவே கிடக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் எழுத்தோட அழகு. தடிக் கோட்டோட அகலம் எழுத்து உயரத்துல மூணுல ஒரு பங்கு சாதாரணமா வந்துடும், மெல்லிசுக் கோடோ பேனா நுனி தொட்ட மாதிரி. டெய்லர் கேட்ட ரெண்டுல தடி அந்தப் பட்டைக் கோட்டுல இருக்கு, முரட்டுத்தனம் இல்லாததுக்குக் காரணம் மயிரிழை. ரெண்டுல எதை மாத்துனாலும் போச்சு.

அப்புறம் நான் சென்னை வந்து, டிசைன் வேலைன்னு கௌரவமா சொல்லிக்கிற ஒரு எடத்துல சேந்து, நிறைய படிக்க ஆரம்பிச்சப்பதான் இந்த யானை எந்தக் காட்டுலருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுது. கதை லண்டன்ல, அதுவும் லாட்டரி சீட்டுல போய் நிக்கும்னு நான் எதிர்பாக்கல.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நாம இன்னைக்கு ஒரே ரிப்பன்ல பக்கத்துப் பக்கத்துல பாக்கற போல்ட், இட்டாலிக் ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததில்ல. இட்டாலிக் ரொம்பப் பழசு. வெனிஸ்ல ஆல்டஸ் மனுஷியஸ்னு ஒரு பதிப்பாளர், அவருக்கு அச்சு வெட்டிக் குடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ, 1501-ல ரோமானியக் கவிஞர் வர்ஜிலோட புத்தகத்தை முழுசா இட்டாலிக்லயே அச்சடிச்சாங்க. அப்ப அது எதையும் அழுத்திச் சொல்றதுக்கான எழுத்து இல்ல, படிச்சவங்க வேகமா கையால எழுதற எழுத்தோட அச்சு வடிவம், தனி எழுத்து. சின்ன எழுத்து மட்டும்தான் சாஞ்சிருக்கும், பெரிய எழுத்தெல்லாம் நேராத்தான் நிக்கும். நேர் எழுத்துக்குத் துணையா, நடுவுல ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக் காட்டற வேலைக்கு இட்டாலிக் பின்னாடிதான் வந்துச்சு. போல்டுங்கிற சமாச்சாரம் அப்ப கிடையவே கிடையாது. முந்நூறு வருஷம் ஐரோப்பாக்காரங்க போல்ட் இல்லாமயே புத்தகம் போட்டு ஓட்டிருக்காங்க, நமக்கு ஒரு பிட் நோட்டீஸ் போல்ட் இல்லாம போட முடியல.

போல்ட் புத்தகத்துலருந்து வரல, தெருவுலருந்து வந்துச்சு. 1800-களோட தொடக்கத்துல லண்டன்ல சுவத்துல ஒட்டற நோட்டீஸ், விளம்பரம் எல்லாம் பெருகிப் போச்சு, ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டுவான், பக்கத்து நோட்டீஸை விட நம்ம நோட்டீஸ் கத்தணும். கைல இருந்த அச்செழுத்து பெரும்பாலும் புத்தகத்துக்காக வெட்டினது, அதையே பெருசாக்கிப் போட்டா வெளிறிப் போய் நிக்கும். அந்த நேரத்துக்கு இத்தாலில பார்மா ஊர்ல போடோனிங்கிற அச்சுக்காரரும் பாரிஸ்ல டிடோங்கிற அச்சுக்காரக் குடும்பமும் தடிக் கோடு மெல்லிசுக் கோடு வித்தியாசத்தை நல்லா கூர்மையாக்கி ஒரு எழுத்தை நாகரிகமாக்கி வச்சிருந்தாங்க, ராஜா வீட்டுப் புத்தகத்துக்கு ஏத்த மாதிரி. லண்டன்காரங்க அதை எடுத்து மெல்லிசை அப்படியே விட்டுட்டு தடியை மட்டும் ஊத வச்சாங்க. ராஜா வீட்டுப் புள்ளையைக் கூட்டிட்டு வந்து சந்தைல கூவ விட்ட மாதிரி. இந்த ஜாதி எழுத்துக்கு அங்க பேரே 'ஃபேட் ஃபேஸ்', கொழுத்த மூஞ்சி, அவ்ளோ வெளிப்படையான பேரு.

இதுல பெரிய பேர் அடிபடறது ராபர்ட் தோர்ன்ங்கிறவருக்கு. காட்ரெல்னு ஒருத்தர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு, 1794-ல அவரோட அச்சு வார்க்கற பட்டறையையே வாங்குனவர், அப்புறம் லண்டன் ஃபேன் தெருவுக்கு மாத்திக்கிட்டாரு. (ஃபேன் தெரு, 'ஃபேன்ஸி' போர்டு. சும்மா எனக்கு ஒரு சந்தோஷம், விடுங்க.) 1820-ல தோர்ன் செத்துப் போறாரு, பட்டறை ஏலத்துக்கு வருது. ஏலத்துல எடுத்தவர் வில்லியம் தோரோகுட். அவருக்கும் அச்செழுத்துத் தொழிலுக்கும் அதுக்கு முன்னாடி சம்பந்தமே கிடையாது. பட்டறை வாங்க காசு எங்கருந்து வந்துச்சு தெரியுமா, லாட்டரில விழுந்த பணம்!

இதைப் படிச்ச அன்னைக்கு நான் ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். ஏன்னா அந்தக் கொழுத்த எழுத்தை நிறைய வாங்கித் தின்னதுல லாட்டரி நோட்டீஸும் ஒண்ணு. பிரிட்டன்ல அப்ப அரசாங்கமே லாட்டரி நடத்துச்சு, சீட்டை மொத்தமா எடுத்து விக்கற கான்ட்ராக்டர்கள் இருந்தாங்க, அதுல தாமஸ் பிஷ்னு ஒருத்தர் விளம்பரத்துல பேய், விதவிதமா நோட்டீஸ் அடிச்சு ஊரையே ரொப்புனவர். பரிசுத் தொகை, குலுக்கல் தேதி, ஆபீஸ் அட்ரஸ், இதெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்து போறவன் கண்ணுல அடிக்கணும். அடிக்கிற எழுத்து தோர்ன் மாதிரி ஆளுங்க பட்டறைலருந்து வரும். அந்த லாட்டரில ஜெயிச்சவன் அந்தப் பட்டறையையே வாங்கறான். 1821-ல தோரோகுட் தன் பேர்ல மாதிரிப் புத்தகம் வெளியிடறாரு, அதுல இருந்தது பெரும்பாலும் தோர்ன் விட்டுட்டுப் போன எழுத்து. அஞ்சு வருஷம் கழிச்சு 1826-ல அரசாங்கம் லாட்டரியையே நிறுத்திருச்சு. எழுத்து மட்டும் நிக்கல.

நம்மூர்லயும் 1968-ல அண்ணா ஆட்சில அரசாங்க லாட்டரி வந்துச்சு, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு'ன்னு, 2003-ல ஜெயலலிதா ஆட்சில மொத்த லாட்டரிக்கும் தடை வந்துச்சு. எங்க தாத்தா விழுந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒண்ணும் கிடையாது, நாட்டுக்குத்தான் நிறைய குடுத்திருக்காரு. சீட்டுக் கடைல தொங்கற அந்தத் தோரணமும் அதுல லட்சத்துக்கு எத்தனை முட்டைன்னு பெருசா போட்டிருக்கற நம்பரும் இன்னும் கண்ணுல நிக்குது. காசு ஆசை காட்டற எழுத்துக்கு எந்த ஊரா இருந்தாலும் தொப்பை உண்டு போல.

லண்டன்ல இருந்த படிச்ச அச்சுக்காரங்க சிலருக்கு இந்த எழுத்தைக் கண்டாலே ஆகல. தாமஸ் கர்சன் ஹன்சார்ட் 1825-ல அச்சுக்கலை பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டாரு, இந்தத் தடி எழுத்து வந்ததுக்கு முக்கியக் காரணம் தோர்ன்தான்னு அதுல எழுதுறாரு, ஆனா அந்த எழுத்தை அவர் ரசிக்கல. இலங்கை ஆளுங்க படிச்சா ஹன்சார்ட்ங்கிற பேர் தட்டும், நாடாளுமன்றத்துல பேசறதை அச்சடிக்கிறாங்களே அந்த ஹன்சார்ட் இவங்க குடும்பப் பேருதான். நாடாளுமன்றப் பேச்சை சின்ன எழுத்துல நெருக்கமா அடிக்கிறவருக்கு லாட்டரி எழுத்து பிடிக்காததுல ஆச்சரியம் இல்ல.

சரி, நேரா நிக்கற கொழுத்த எழுத்து ஓகே, சாஞ்சது எதுக்கு? நோட்டீஸ்ல எல்லாமே கத்துனா எதுவும் கேக்காது, அதான். எல்லா வரியும் ஒரே தடில நேரா நின்னா சுவர் மாதிரி ஆயிடும், நடுவுல ஒரு வரி சாஞ்சா அது ஓடற மாதிரி இருக்கும், 'இன்னைக்கே கடைசி'ங்கற மாதிரி விஷயத்தை அந்த வரில போடலாம். இட்டாலிக் பொதுவா ஒடுக்கமும் கூட, பெரிய வார்த்தையை அதே அகலத்துல அடைக்கலாம். ஆனா இன்னொரு காரணம் என் சொந்த அபிப்பிராயம்: மெல்லிசுக் கோட்டுக்கு வேலை இருக்கறது இட்டாலிக்லதான். நேர் எழுத்துல மயிரிழை வெறும் இணைப்பு, ரெண்டு தூணை ஒரு கம்பி கட்டிப் போட்ட மாதிரி. சாஞ்ச எழுத்துல மயிரிழைதான் எழுத்துக்குள்ள நுழையுது, மயிரிழைதான் வெளியேறுது, ஒரு எழுத்துலருந்து அடுத்ததுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. நேரா நிக்கறப்ப யானை நிக்குது, சாஞ்சா நடக்குது.

உலோகத்துல இதைச் செய்யறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஈய அச்சு ஒவ்வொண்ணும் ஒரு செவ்வகக் கட்டை, எழுத்தோ சாய்வா இருக்கு, சாய்வான எழுத்தை நேர்க் கட்டைல உக்கார வச்சா ரெண்டு ஓரத்துலயும் முக்கோணமா வெளி விழும். அதைத் தவிர்க்க 'எஃப்' மாதிரி எழுத்தோட தலையும் வாலும் கட்டைக்கு வெளிய தொங்கற மாதிரி வார்ப்பாங்க, பக்கத்து எழுத்தோட கட்டை மேல போய் அது சாஞ்சுக்கும். தொங்கற எடத்துல மயிரிழைக் கோடு வேற. கோர்க்கறவன் கொஞ்சம் அழுத்துனாலும், மெஷின்ல நாலு தடவை அடி வாங்குனாலும் உடைஞ்சுரும். பெரிய சைஸ் எழுத்து வார்க்கறதே பெரும்பாடு, மணல் அச்சுல வார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு 1810-ல நாலாவது வில்லியம் காஸ்லான்னு ஒரு அச்சுப் பட்டறைக்காரர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு, பித்தளைத் தகட்டுல எழுத்தோட உருவத்தையே அறுத்து எடுத்துட்டு, பின்னாடி இன்னொரு தகடு வச்சு ஆணியடிச்சு அதையே அச்சா வச்சு வார்க்கறது. அப்புறம் நியூயார்க்ல டேரியஸ் வெல்ஸ் 1827 வாக்குல மரத்தைக் கடையற மெஷின்ல எழுத்து செய்ய ஆரம்பிச்சதும் சைஸுக்கு எல்லையே இல்லாம போச்சு, மரம் லேசு, விலையும் கம்மி.

நம்ம யானைக்கு வருவோம். எலிஃபண்ட் 1992-ல மேத்யூ கார்ட்டர் வரைஞ்சது. தோர்ன் காலத்துலயே லண்டன்ல இன்னொரு பட்டறை வச்சிருந்த வின்சென்ட் ஃபிகின்ஸோட கொழுத்த எழுத்துகளைப் பாத்து வரைஞ்சாரு, பின்னாடி 1998-ல அதையே 'பிக் ஃபிகின்ஸ்'ங்கிற பேர்ல திருத்திக் கொண்டு வந்தாரு. கார்ட்டர் யாருன்னு தெரியலைன்னா, நீங்க கண்டிப்பா அவர் எழுத்தைப் படிச்சிருக்கீங்க. வெர்டானா, ஜார்ஜியா ரெண்டும் அவருதுதான், ரெண்டும் 1996. லண்டன்ல 1937-ல பொறந்தவர், பள்ளிக்கூடம் முடிச்சதும் நெதர்லாந்துல ஹார்லெம்ங்கிற ஊர்ல இருக்கற என்ஷெடே அச்சகத்துல உக்காந்து எஃகுல கையால அச்சு வெட்டக் கத்துக்கிட்டவர், அந்த வித்தை தெரிஞ்ச கடைசித் தலைமுறைல ஒருத்தர். அதனாலதான் அந்த மெல்லிசுக் கோட்டுக்கு அவ்ளோ துணிச்சல்னு நினைக்கிறேன், கையால வெட்டினவனுக்குத்தான் எவ்ளோ தூரம் போலாம்னு தெரியும்.

இதே மனுஷன்தான் 1978-ல அமெரிக்க டெலிபோன் டைரக்டரிக்காக பெல் சென்டெனியல்னு ஒரு எழுத்து செஞ்சாரு. அது யானைக்கு நேர் எதிர். ரொம்பப் பொடி சைஸ், மட்டமான பேப்பர், வேகமா ஓடற மெஷின். மை பரவி எழுத்தோட மூலையெல்லாம் அடைச்சுக்கும், அதனால கார்ட்டர் என்ன பண்ணாருன்னா மூலைக்கு மூலை சின்னச் சின்னதா வெட்டு விட்டு வச்சாரு, மை அந்தப் பள்ளத்துல போய் நெறையும், நெறைஞ்சதும் எழுத்து சரியா தெரியும். பெருசு பண்ணிப் பாத்தா கறையான் அரிச்ச மாதிரி அசிங்கமா இருக்கும், பொடி சைஸ்ல கச்சிதம். ஒரே ஆளு ஒண்ணை சின்னதுல மட்டும் பாக்கறதுக்கும் இன்னொண்ணை பெருசுல மட்டும் பாக்கறதுக்கும் வரைஞ்சிருக்காரு. ஃபாண்ட்னா எந்த சைஸ்லயும் போட்டுக்கலாம்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு, சைஸ் பெட்டில நம்பரை மாத்துனா போதும்னு.

அந்த நினைப்பால நான் பட்ட அசிங்கம் ஒண்ணு இருக்கு. சென்னை வந்த புதுசுல ஒரு கேட்டரிங்காரருக்கு விசிட்டிங் கார்டு. பேரை யானை இட்டாலிக்ல பெருசா போட்டேன், பிரமாதமா வந்துச்சு. அந்த மயக்கத்துலயே அட்ரஸ், போன் நம்பர், 'சுத்த சைவம்' எல்லாத்தையும் அதே எழுத்துல 8 பாயிண்ட்ல போட்டேன், அதுவும் மெரூன் கலர் மேல ரிவர்ஸ்ல, வெள்ளை எழுத்தா. ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு ஓகேன்னு கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் உருவமா மாத்தி, அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். ரிவர்ஸ்னா எழுத்துக்கு மை கிடையாது, சுத்தி இருக்கற எடத்துக்குத்தான் மை, அந்த மை உள்ள பரவுனா வெள்ளை மயிரிழைதான் முதல் பலி. ஆயிரம் கார்டு அடிச்சு வந்துச்சு. 'என்' எழுத்தெல்லாம் ரெண்டு குச்சி, 'எம்' எல்லாம் மூணு குச்சி, இ-மெயில் முகவரி பூரா சுள்ளி அடுக்குன மாதிரி. கேட்டரிங்காரர் கார்டை கையை நீட்டி தூரமா வச்சுப் பாத்தாரு, கிட்ட வச்சுப் பாத்தாரு, "சார், பேரு நல்லாருக்கு. எங்க வந்து ஆர்டர் குடுக்கறதுன்னுதான் தெரியல"ன்னாரு. தப்பு முழுக்க என்னுது, என் சம்பளத்துலருந்துதான் திரும்ப அடிச்சோம்.

இப்ப நிலைமை வேற, ஆபத்தும் வேற. இலவசமாவே நல்ல எழுத்து கிடைக்குது. ஆப்ரில் ஃபேட்ஃபேஸ்னு ஒண்ணு கூகுள் ஃபாண்ட்ஸ்ல இருக்கு, பேர்லயே ஃபேட்ஃபேஸ், கல்யாண இன்வைட்லருந்து கஃபே மெனு வரைக்கும் அதான் ஓடுது, எனக்கும் பிடிக்கும். ஆனா கூகுள்ல அதுக்கு நேர் எழுத்து ஒண்ணே ஒண்ணுதான், இட்டாலிக் கிடையாது. பசங்க இட்டாலிக் பட்டனை அமுக்குறாங்க, சாஃப்ட்வேர் இல்லைன்னு சொல்றதில்ல, நேர் எழுத்தையே புடிச்சுத் தள்ளி சாச்சு வச்சுருது. சாச்சதும் வட்டமெல்லாம் நசுங்குன டயர் மாதிரி ஆயிடும், தடிக் கோட்டோட எடை தப்பான எடத்துக்கு நகந்துடும். கண்டுபிடிக்க சுலபமான வழி சின்ன 'ஏ'வைப் பாருங்க, சாஞ்ச பிறகும் ரெண்டு மாடியா நின்னா பெரும்பாலும் அது டூப். (நேர் எழுத்துலயே ஒரு மாடி 'ஏ' வச்சிருக்கற ஃபாண்டும் உண்டு, அங்க இந்த வித்தை பலிக்காது.) உண்மையான சாஞ்ச தடி வேணும்னா ப்ளேஃபேர் டிஸ்ப்ளேங்கிற ஃபாண்ட்ல பிளாக் இட்டாலிக் இருக்கு, டென்மார்க்காரர் கிளாவுஸ் ஏகர்ஸ் சோரன்சன் செஞ்சது, அதுல 'ஏ' ஒழுங்கா ஒரு மாடிக்கு இறங்கும், அந்த & குறி ஒண்ணுக்காகவே டவுன்லோட் பண்ணலாம்.

தடி இட்டாலிக்குக்கு இந்த ஒரு வழிதான்னும் இல்ல. சிகாகோல ஆஸ்வால்ட் கூப்பர்னு ஒருத்தர் 1922-ல கூப்பர் பிளாக் செஞ்சாரு, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்னு ஒரு பட்டறை வெளியிட்டுச்சு, சில வருஷத்துல அதுக்கு இட்டாலிக்கும் வந்துச்சு. அதுல மயிரிழையே கிடையாது, எல்லாமே மெத்துனு, முனையெல்லாம் உருண்டு, மைதா மாவுல உருட்டி வச்ச மாதிரி. ஈஸிஜெட்னு ஒரு விமானக் கம்பெனி இருக்கே, அதோட லோகோல இருக்கறது கூப்பர் பிளாக்தான். தொலைநோக்கு உள்ள அச்சகக்காரங்களுக்கும் கிட்டப்பார்வை உள்ள அவங்க கஸ்டமர்களுக்கும்னு கூப்பரே தன் எழுத்தைக் கிண்டல் பண்ணதா சொல்லுவாங்க. பொடி சைஸ்ல, ரிவர்ஸ்ல, மட்டமான பேப்பர்ல எல்லாம் அடி தாங்கும், அந்த விசிட்டிங் கார்டுக்கு நியாயமா நான் அதைத்தான் போட்டிருக்கணும். ஆனா கூப்பர் சிரிச்ச முகம், சிரிச்ச முகத்தோட சீரியஸா எதுவும் சொல்ல முடியாது. நகைக்கடைக்கு கூப்பர் போட்டுப் பாருங்க, பேபி ஷாப் ஆயிடும்.

தமிழுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கல்யாணப் பத்திரிகை வேலைல இதான் தினமும் வர்ற சண்டை. மேல பொண்ணு மாப்பிள்ளை பேர் இங்கிலீஷ்ல யானை இட்டாலிக்ல ஆட்டம் போடும், கீழ தமிழ்ல அதே பேர் வரணும், தமிழையும் அதே மாதிரி சாச்சுக் குடுங்கம்பாங்க. நான் வேலை பாத்த தமிழ் ஃபாண்ட் பலதுல இட்டாலிக்னா நேர் எழுத்தைத் தள்ளி விட்டதுதான், கை மாறி எழுதுன வடிவம் இல்ல. 'ழ'வும் 'ஐ'யும் சாஞ்சா பஸ் பிரேக் போட்டப்ப கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவங்க மாதிரி இருக்கும். நான் ஒரு கட்டத்துல தமிழைச் சாய்க்கறதையே விட்டுட்டேன். தமிழ் நேரா, நல்ல கனமா, சைஸ் கொஞ்சம் பெருசா நிக்கட்டும், இங்கிலீஷ் பக்கத்துல ஆடட்டும், மேளக்காரர் நேரா உக்காந்திருப்பாரு, நாதஸ்வரக்காரர்தான் அசைஞ்சு வாசிப்பாரு, அந்த மாதிரி. கஸ்டமர் பாதிப் பேர் ஒத்துக்குவாங்க, மீதிப் பேருக்கு சாச்சுக் குடுத்துருவேன், காசு வாங்கறோம்ல.

எங்கெல்லாம் போடறதுன்னு கேட்டா என் கணக்கு ரொம்ப சின்னது. நாலு வார்த்தைக்கு மேல போட மாட்டேன். கடைப் பேர், கட்டுரைத் தலைப்பு, ஸ்வீட் பாக்ஸ் மூடி, பத்திரிகைல ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற & மட்டும். முழுக்க பெரிய எழுத்துல போட மாட்டேன், இட்டாலிக்ல நடக்கறதே சின்ன எழுத்துதான், எல்லாம் பெரிய எழுத்தா போட்டா யானைக் கூட்டம் ஒரே பக்கம் சரிஞ்ச மாதிரி இருக்கும். எழுத்துக்கு நடுவுல வெளி விட மாட்டேன், உலோகக் கட்டை போயி போட்டோ எடுத்து அச்சுக் கோர்க்கற முறை வந்த அறுபது எழுபதுகள்ல நியூயார்க்ல ஹெர்ப் லூபாலின்னு ஒரு டிசைனரும் அவர் ஆளுங்களும் தலைப்பு எழுத்தையெல்லாம் ஒண்ணை ஒண்ணு தொடற மாதிரி நெருக்கிப் போட்டாங்க பாருங்க, அந்த நெருக்கம் இதுக்கு ஒட்டும். ஃப்ளெக்ஸ்ல தாராளமா போடலாம், ஆனா எட்ட நின்னு பாத்துட்டு அனுப்பணும். எட்ட நிக்கணும்ங்கறதை எனக்குச் சொல்லிக் குடுத்தது கார்ட்டர் இல்ல, அந்த டெய்லர் கடைக்கு போர்டு எழுதுன ஆர்ட்டிஸ்ட்.

அந்த பிரிண்ட்டைக் குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு போர்டைப் பாக்கப் போனேன், என் முதல் போர்டாச்சே. பச்சைத் தகரத்துல மஞ்சள் எழுத்து, சாய்வு கச்சிதம், 'சி'யோட மூக்குத்தி கூட அப்படியே. ஆனா மெல்லிசுக் கோடெல்லாம் என் பிரிண்ட்ல இருந்ததை விட தடியா இருந்துச்சு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அவரு ஏணிலருந்து இறங்கி பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல கழுவிக்கிட்டு இருந்தாரு. "அண்ணே, பிரிண்ட்ல இந்தக் கோடு மெல்லிசா இருந்துச்சே"ன்னேன்.

"இருந்துச்சுப்பா. நீ கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்து பாத்த. வா"ன்னு சொல்லி என்னைக் கூட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ல இருந்த டீக்கடைக்குப் போனாரு. ரெண்டு டீ சொன்னாரு. அங்கருந்து திரும்பிப் பாத்தேன், மெல்லிசுக் கோடெல்லாம் என் பிரிண்ட்ல இருந்த அளவுக்கே மெல்லிசா தெரிஞ்சுது. டீக்கு காசு அவரே குடுத்துட்டாரு.